பெறாமல் தாயானவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல் மாணவி)

நெல்லைச் சீமையில் பெற்றவளை அம்மை என்று அழைப்பது பழைய வழக்கம். அந்தச் சொல்லுக்குச் சற்று நெருங்கி ஒலிக்கும் பெயரோடு கடல் கடந்து வந்த பெண்மணி ஒருவர் இந்த மண்ணில் ஐம்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளை பெறவும் இல்லை. ஆயினும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அவரை அம்மா என்று அழைத்தார்கள். அவர்தான் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

அவரைச் சமயத் தொண்டர் என்றும், சமூகத் தொண்டர் என்றும், எழுத்தாளர் என்றும் அறிஞர் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அறிஞரல்லள். ஆகவே அவரை ஒரு பெரிய குடும்பத்தின் தாயாக மட்டும் இங்கே பார்க்க விரும்புகிறேன். தாய் என்பவள் பிறப்பால் அமைகிறாளா, வளர்ப்பால் அமைகிறாளா என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. அதற்கு ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பிறப்பும் இளமையும்

அயர்லாந்தின் வடபகுதியில் டௌன் என்றொரு மாவட்டம். அங்கே கடலோரத்தில் மில்லைல் என்னும் சிற்றூர். அவ்வூரில் மாவு ஆலை நடத்தி வந்த குடும்பத்தில், ஏழு குழந்தைகளில் மூத்தவராக 1867ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஏமி பிறந்தார். தந்தை டேவிட், தாய் காதரின். இளமையில் வீட்டிலேயே ஆசிரியைகளை வைத்துப் பாடம் கற்பித்தார்கள். பின்னர்தான் இங்கிலாந்திலுள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். கடற்கரையும் தோட்டமும் வளர்ப்புப் பிராணிகளும் அவருக்கு முதல் பள்ளியாயின.

அவருடைய மூன்றாம் வயதில் நடந்ததாக ஒரு செய்தியை வரலாறு எழுதியோர் தவறாமல் சொல்வார்கள். தாயின் கண்கள் நீல நிறம். ஏமியின் கண்களோ பழுப்பு. தனக்கும் நீலக் கண் வேண்டும் என்று இரவில் இறைவனை வேண்டிக்கொண்டு படுத்தாளாம் குழந்தை. காலையில் கண்ணாடியில் பார்த்தபோது கண்கள் பழுப்பாகவே இருந்தன. பிற்காலத்தில் சேலை உடுத்தித் தமிழ்ப் பெண்களிடையே நடமாடியபோது, அந்தப் பழுப்புக் கண்களே அவருக்குத் துணையாக இருந்தன.

குடும்பத்தின் செல்வநிலை தாழ்ந்தது. 1885இல் தந்தை காலமானார். அப்போது ஏமிக்குப் பதினேழு வயது. ஆறு தம்பி தங்கையருக்கு மூத்தவள் என்ற பொறுப்பு அந்த வயதிலேயே அவர் தோள்மீது ஏறியது. எங்கள் பக்கத்து வீடுகளில் மூத்த பெண்ணாய்ப் பிறந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. பெல்பாஸ்ட் நகரில் ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்காகக் கூட்டங்கள் நடத்தி, 1889இல் அவர்களுக்கென்று ஒரு கூடமும் கட்டினார்.

மகளாக ஏற்கப்பட்டவர்

அவர் வாழ்க்கையில் பலர் விரைந்து கடந்துபோகும் இடம் ஒன்று உண்டு. எனக்கோ அதுதான் திறவுகோலாகத் தோன்றுகிறது. ராபர்ட் வில்சன் என்னும் முதியவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். மனைவியையும் மகளையும் இழந்தவர். அவர் ஏமியைத் தம் வீட்டுக்கு அழைத்து மகளைப்போல் வைத்துக்கொண்டார். 1890 முதல் சில ஆண்டுகள் ஏமி அவ்வீட்டு மகளாகவே வாழ்ந்தார். தம் பெயரோடு வில்சன் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார். பிறர் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக ஏற்றவர், அதற்கு முன்பே பிறர் வீட்டில் பிள்ளையாக ஏற்கப்பட்டவர். குருதி உறவு இல்லாமலும் ஒருவர் தந்தையாகலாம் என்பதை அவர் ஏட்டில் படிக்கவில்லை, இருந்து பார்த்தார்.

1893இல் தொண்டு செய்யும் நோக்கோடு ஜப்பான் சென்றார். உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. சிறிது காலம் இலங்கையில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். 1895இல் மீண்டும் கப்பலேறி பெங்களூர் வந்து சேர்ந்தார். அதன்பின் தாய்நாட்டுக்கு அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. 1896 இறுதியில் வாக்கர் ஐயர் என்னும் தொண்டரின் குடும்பத்தோடு திருநெல்வேலிக்கு வந்து தமிழ் கற்றார். தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். அக்குழுவில் பொன்னம்மாள் என்ற இளம் விதவையும் இருந்தார். அந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓடிவந்த சிறுமி

அக்காலத்தில் பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்தது. இசையும் நடனமும் வளர்த்த மரபுதான் அது. ஆயினும் காலப்போக்கில் ஏழைக் குழந்தைகளை விலைக்கு வாங்கவும், அவர்களுடைய வாழ்வைப் பிறர் கையில் கொடுக்கவும் அது வழியாயிற்று. அவ்வீடுகளிலும் பெண் குழந்தைகளைத் தத்தெடுக்கும் வழக்கம் இருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். தத்து என்ற சொல் ஒன்றுதான். எதற்காக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1901ஆம் ஆண்டு மார்ச் மாதம். பெருங்குளத்தில் அத்தகைய வீடொன்றிலிருந்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடினாள். அவள் முன்பே ஒருமுறை ஓடி, தூத்துக்குடியிலிருந்த தன் தாயிடம் போய்ச் சேர்ந்தவள். அஞ்சிய தாய் அவளைத் திருப்பி ஒப்படைத்துவிட்டாள். தண்டனையாக அவள் கைகளில் சூடு போட்டார்கள். இரண்டாம் முறை அவள் பண்ணைவிளைக்கு வந்தாள். அங்குள்ள ஆலயத்தருகே நின்றவளைக் கண்ட ஒரு பெண்மணி ஏமியிடம் அழைத்து வந்தார். சிறுமி அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, இனி இங்கேயே இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டாள். தன் வீட்டில் நடந்தவற்றை ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு நடித்துக் காட்டினாள். அன்றுவரை ஊர் ஊராகச் சென்று பேசுவதே தம் பணி என்று எண்ணியிருந்த ஏமி, அன்று தம் மடியில் ஒரு வேறு பணி வந்து அமர்ந்ததை உணர்ந்தார்.

அக்குடும்பம் பின்னர் டோனாவூரில் நிலைகொண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள சிற்றூர் அது. ரேனியஸ் ஐயர் காலத்தில் ஆலயம் கட்டப் பொருளுதவி செய்த டோனா என்னும் ஜெர்மானியப் பிரபுவின் பெயரால் அமைந்த ஊர். 1904இல் பதினேழு பிள்ளைகள். 1913இல் நூற்று முப்பது பேர். 1918 முதல் ஆண் குழந்தைகளும் வந்து சேர்ந்தார்கள்.

தொட்டில்களும் பொன்னம்மாளும்

ஏழு வயதுச் சிறுமிக்குச் சோறு போட்டால் உண்பாள். பிறந்து சில நாளே ஆன சிசுவை என்ன செய்வது? தாய்ப்பால் கிடையாது. புட்டிப்பால் பழக்கமில்லாத காலம். அண்டை வீட்டுப் பெண்கள் பிற சாதிக் குழந்தைக்குப் பால் கொடுக்க முன்வராத காலம். வந்த சிசுக்களில் சில தங்கவில்லை. மருத்துவமனை அருகில் இருக்க வேண்டும் என்று நெய்யூரில் ஒரு குழந்தையகம் அமைத்தார்கள். அதன் பொறுப்பைப் பொன்னம்மாள் ஏற்றார். பால் காய்ச்சும் பக்குவம், அளவு, நேரம், புட்டியைக் கொதிநீரில் தூய்மை செய்தல் ஆகிய யாவற்றையும் மருத்துவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, மற்றப் பெண்களுக்கும் கற்பித்தார். ஒருமுறை வயிற்றுக்கடுப்பு நோய் பரவிப் பத்துக் குழந்தைகள் இறந்தன. பிறகு குழந்தையகம் டோனாவூருக்கே மாற்றப்பட்டது.

பிள்ளை வளர்ப்பது ஒரு தொண்டரின் வேலையா, ஆயாவின் வேலையல்லவா என்று அக்காலத் தொண்டர்களே சிலர் கேட்டார்கள். ஏமிக்கே அந்தத் தயக்கம் முதலில் இருந்தது. இயேசு பெருமான் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து அதைக் கடந்தார். நள்ளிரவில் எழுந்து பால் புகட்டுவதும், மலத்துணி அலசுவதும் மேடைப் பேச்சைவிடத் தாழ்ந்தவையல்ல என்று தீர்மானித்தார். அந்தத் தீர்மானத்தை அன்றாடம் நிறைவேற்றிய கைகளில் பெரும்பாலானவை தமிழ்ப் பெண்களின் கைகள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. பொன்னம்மாள் 1915ஆம் ஆண்டு புற்றுநோயால் மறைந்தார். டோனாவூர் வரலாற்றில் ஏமியின் பெயருக்குப் பக்கத்திலேயே அவர் பெயரை எழுத வேண்டும் என்பது என் கருத்து.

உறவுமுறையால் அமைந்த வீடு

அவ்வில்லத்தில் பதவிப் பெயர்கள் இல்லை. உறவுப் பெயர்களே இருந்தன. ஏமி அம்மா. மேலைநாட்டிலிருந்து வந்து சேர்ந்த பெண்கள் யாவரும் சித்திகள். ஆண்கள் அண்ணாச்சிகள். சிறு வீடுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் சில குழந்தைகளை வைத்து, அவர்களைக் கவனிக்க ஓர் அக்காளை நியமித்தார்கள். முதலில் வந்து வளர்ந்த பெண்களே பின்னர் வந்தவர்களுக்கு அக்காள்களாயினர். யாருக்கும் சம்பளம் கிடையாது. வெள்ளையர், இந்தியர் என்ற மேல் கீழ் கிடையாது. சாதி கேட்டுப் பந்தி பிரிப்பதும் கிடையாது. எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன், அதே மாவட்டத்தில், ஒரே அடுப்பில் சமைத்து எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உண்ட வீடு ஒன்று இருந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சம் நிமிர்கிறது.

பல குழந்தைகளுக்குப் பிறந்த நாள் தெரியாது. ஆகவே அவர்கள் வந்து சேர்ந்த நாளையே விழாவாக்கினார் அம்மா. அந்த நாள் வந்தால் மலரால் அலங்காரம், அன்பளிப்பு, பாட்டு, பிரார்த்தனை. நீ எப்போது பிறந்தாய் என்பதைவிட, நீ எங்களிடம் எப்போது வந்தாய் என்பதே அங்கே பெரிதாக இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு என் பெரியம்மையின் நினைவு வந்தது. நானும் அவளிடம் வளர்ந்தவள்தான். என்னைப் பெற்ற அம்மைக்கு நான் நான்காவது பெண். பெரியம்மைக்குப் பிள்ளை இல்லை. பால்குடி மறந்ததும் என்னைத் தூக்கிக்கொண்டு அவள் ஊருக்குப் போய்விட்டாள். பீடி சுற்றிய கூலியில் என்னைப் படிக்க வைத்தாள். அவளுக்குப் பெருவிரல் ரேகைதான் கையெழுத்து. நான் பிறந்த தேதியைக் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. என்னைத் தூக்கி வந்த நாள் மட்டும் நன்றாகத் தெரியும். ஆடித் தபசு முடிந்த மறுநாள். ஆண்டுதோறும் அன்றைக்கு எங்கள் வீட்டில் பால் கொழுக்கட்டை உண்டு. கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் தாயின் பெயர் என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. சான்றிதழில் உள்ளபடி பெற்றவளின் பெயரை எழுதினேன், அதுதான் முறை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் அடங்காத உண்மை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. டோனாவூரின் வரலாற்றில் நான் தேடியது அதைத்தான்.

அந்த உண்மையைச் சட்டம் ஏற்காத காலமும் இருந்தது. அவர் காலத்தில் இத்தகைய தத்தெடுப்புக்கு இன்றுள்ளது போன்ற சட்டம் இல்லை. 1956இல் வந்த இந்து தத்தெடுப்புச் சட்டமும், 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் பின்னால் வந்தவை. 1911இல் ஒரு சிறுமியைப் பெற்ற தாயிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் அச்சிறுமி மறைவாக நாட்டைவிட்டே அனுப்பப்பட்டிருந்தாள். சில ஆண்டுகள் கழித்து வளர்ந்த பெண்ணாக டோனாவூருக்கே திரும்பி வந்தாள். சட்டத்தைப் பார்த்தால் அது சரியன்று. அந்தச் சிறுமியைப் பார்த்தால் எது சரி என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

வீடே பள்ளி

பிள்ளைகள் வெளிப்பள்ளிகளுக்குப் போகவில்லை. தேடிவந்து கவர்ந்து போய்விடுவார்களோ என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். இல்லத்துக்குள்ளேயே பாடம் நடந்தது. தமிழும் ஆங்கிலமும் கற்றார்கள். அம்மா தாமே பாட்டுக் கட்டிக் கொடுத்தார். பாட்டின் வழியே பாடம் சென்றது. செடி நடுதல், துணி தைத்தல், சமையல், குழந்தைகளைக் குளிப்பாட்டுதல் யாவும் கல்வியின் பகுதிகள். எட்டு வயதுப் பெண்ணுக்கும் அவள் அளவுக்கு ஒரு வேலை உண்டு. பூச்சியையும் பறவையையும் மேகத்தையும் நின்று பார்க்கப் பழக்கினார்கள். உண்மை பேசுதல் முதற்பாடம்.

விலங்கியல் மாணவியாகிய எனக்கு இது பொறாமையைத் தருகிறது. நாம் தவளையைக் கிண்ணத்திலும் படத்திலும் கண்டு கற்கிறோம். அவர்கள் ஓடைக்கரையில் கண்டு கற்றார்கள்.

ஆயினும் இங்கே என் ஐயத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளி அரசுத் தேர்வுகளை நோக்கமாகக் கொண்டு நடந்ததன்று. தேர்வுக்காகப் படிப்பது மனத்தைக் கெடுக்கும் என்று அம்மா கருதினார். அவருடைய பிள்ளைகளில் பலர் வளர்ந்த பின்னும் அவ்வில்லத்திலேயே செவிலியராகவும் அக்காள்களாகவும் தங்கிவிட்டார்கள். சிலருக்கு அம்மாவே மணம் முடித்து வைத்தார். அன்பான மதில்தான், எனினும் மதில் மதில்தானே? எங்களைப் போன்ற வீடுகளிலிருந்து வருபவர்களுக்குத் தேர்வு என்பது ஒரு வாசல். நிலமும் பணமும் சிபாரிசும் இல்லாதவளுக்கு மதிப்பெண் பட்டியல் ஒன்றுதான் பேசும். என் பெரியம்மை எனக்குப் பாடம் சொல்லித் தரவில்லை. தெரிந்தால்தானே சொல்லித் தருவாள்? ஆனால் வாசல்வரை கொண்டுவந்து விட்டு, உள்ளே போ என்று கை காட்டினாள். இந்த ஒன்றில் டோனாவூர் அம்மாவைவிட என் பெரியம்மை பக்கமே நான் நிற்கிறேன். கத்தியும் நெருப்பும் துரத்தி வந்த குழந்தைகளைக் காத்தவருக்கு உலகத்தின்மேல் அச்சம் இருந்தது இயல்பு என்பதையும் மறுக்கவில்லை.

மலைக்குப் போகும் நாட்கள்

கோடையில் டோனாவூர் காயும். மேற்கே பார்த்தால் மலை நீலமாய் நிற்கும். முதலில் காட்டுப் பங்களாக்களில் தங்கி வந்தவர்கள், 1917இல் மலைமேல் ஒரு பள்ளத்தாக்கு நிலத்தை வாங்கி, அங்கே ஒரு வீடும் கட்டினார்கள். பிள்ளைகள் பிரிவு பிரிவாக நடந்தே மலையேறுவார்கள். அருவி விழும் இடத்தில் ஆழமான குளம். அதில் நீந்தக் கற்றுக்கொண்டார்கள். ஐம்பது வயதான அம்மாவும் அவர்களோடு நீரில் இறங்குவார். கடலோரத்தில் பிறந்தவரல்லவா!

அந்த மலைத்தொடரில்தான் இன்று களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் இருக்கிறது. 1988இல் அமைந்த அது தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாகும். சிங்கவால் குரங்கும், கருமந்தியும், இருவாச்சியும், யானையும், புலியும் வாழும் காடு. நம் பாடப் புத்தகத்தில் அருகிவரும் உயிரினங்கள் என்ற தலைப்பின் கீழ் வருபவை அந்தப் பிள்ளைகளுக்கு அண்டை வீட்டுக்காரர்கள்.

இந்த மலைப் பயணங்களை வெறும் உல்லாசம் என்று எண்ணிவிடக் கூடாது. பல குழந்தைகள் அஞ்சி அஞ்சி வாழ்ந்துவிட்டு வந்தவர்கள். இருட்டறைகளையும் அடிகளையும் நினைவில் சுமந்தவர்கள். அவர்களுக்கு ஓடவும், நனையவும், கத்திச் சிரிக்கவும், யாரும் துரத்தாத ஓர் இடம் தேவைப்பட்டது. மருந்து கொடுக்க முடியாத நோய்க்கு அம்மா காட்டையும் நீரையும் கொடுத்தார் என்றே நான் கருதுகிறேன்.

நம்பிக்கை

அம்மாவின் வாழ்வைச் சமயத்தை நீக்கிச் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் அவர் இறைவனிடம் கேட்டார், மனிதரிடம் கேட்கவில்லை. பணம் வேண்டும் என்று யாருக்கும் விண்ணப்பம் எழுதுவதில்லை என்பது அவ்வில்லத்தின் விதி. வந்தது போதும், வராததும் நன்மைக்கே என்ற மனநிலை. 1927இல் பிரார்த்தனைக்கென்று ஒரு வீடு கட்டினார்கள். 1929இல் மருத்துவமனை தொடங்கினார்கள். அதற்குப் பரம சுக சாலை என்று தமிழ்ப் பெயரே வைத்தார்கள். சாவு வந்தாலும் ஒப்பாரி வைக்காமல், மலர் தூவிப் பாட்டுப் பாடி வழியனுப்பும் வழக்கத்தை ஏற்படுத்தினார் அம்மா.

எங்கள் வீடு சுடலைமாடனைக் கும்பிடும் வீடு. 1903இல் வெளிவந்த அவருடைய நூலில் நம் சமயத்தையும் வாழ்க்கையையும் பற்றிக் கடுமையாக எழுதியிருக்கிறார். அவற்றில் நான் ஏற்காதவை உண்டு. நம் மக்களின் பக்தியில் உள்ள ஈரத்தை அவர் முழுதும் காணவில்லை என்பது என் எண்ணம். ஆனால் குழந்தைகளைப் பற்றி அவர் கண்டது பொய்யன்று. அதைப் பின்னர் நம் நாட்டுப் பெண்களும் கண்டார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டமன்றத்தில் போராடினார். 1930இல் ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லம் தொடங்கினார். 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சமயம் வேறாயினும் இருவர் கண்ணிலும் பட்டது ஒரே குழந்தை.

படுக்கையில் இருபது ஆண்டுகள்

1919இல் அரசாங்கம் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது. அதைப் பெறுவதற்கான விழாவுக்கு அம்மா போகவில்லை. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், களக்காட்டில் மருத்துவப் பணிக்கென எடுத்த வீட்டைப் பார்க்கச் சென்றவர், மங்கிய வெளிச்சத்தில் ஒரு குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் வாழ்வு ஓர் அறையோடு சுருங்கியது. ஓடியாடிப் பிள்ளை வளர்த்தவர் படுத்துக்கொண்டே வளர்த்தார். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக அறைக்கு வந்து போனார்கள். வர முடியாதவர்களுக்குச் சிறு சிறு கடிதங்கள் எழுதினார். அவர் எழுதிய முப்பதுக்கும் மேற்பட்ட நூல்களில் பல அந்தப் படுக்கையில் பிறந்தவை.

1951ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள், தம் எண்பத்து மூன்றாம் வயதில் அவர் மறைந்தார். தம் கல்லறைமேல் நினைவுக்கல் வேண்டாம் என்று முன்னரே சொல்லி வைத்திருந்தார். பிள்ளைகள் சொல்லைத் தட்டவும் இல்லை. சும்மா விட்டுவிடவும் இல்லை. பறவைகள் வந்து நீர் குடிக்கும் கல்தொட்டி ஒன்றை அங்கே வைத்தார்கள். அதில் பட்டமும் பதக்கமும் பிறந்த ஊரும் பொறிக்கப்படவில்லை. தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல் மட்டும் பொறிக்கப்பட்டது.

நண்பர்களே! நம் வகுப்பிலேயே பாட்டியிடம் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அக்காளின் கூலியில் படிப்பவர்கள் இருக்கிறார்கள். இல்லங்களிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் பெற்றவள் யார் என்று கேட்பதற்கு முன், காய்ச்சலில் கிடந்தபோது தலைமாட்டில் விழித்திருந்தவள் யார் என்று கேட்போம். டோனாவூர்ப் பிள்ளைகள் கல்லில் எழுதிய விடையைத்தான் அவர்களும் சொல்வார்கள்.